தைரியம் சொல்லும் சித்தப்பா

ஒரு கை வெந்நீர் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும். மறு கை தேன் பாட்டிலைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருக்கும். வாய் மட்டும் சும்மா இருக்காது. "பதற்றமே வேண்டாம், நான் இருக்கேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கும். அப்படி ஒருவரைக் கண்டால் சற்று விலகி நில்லுங்கள். அவர்தான் தைரியம் சொல்பவர்.

இந்த இனம் எங்கும் உண்டு. பிரசவ அறை வாசல், பரீட்சைக் கூடத்து கேட், பல் டாக்டரின் பெஞ்சு என்று யாராவது கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் இடமெல்லாம் இவர்களுக்குப் பணியிடம். ஊசி போடுகிறவர் வாயைத் திறக்கும்வரை குழந்தை சிரித்துக்கொண்டுதானே இருக்கிறது? "வலிக்கவே வலிக்காது" என்று சொன்ன பிறகுதான் ஊரைக் கூட்டுகிறது.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு பாடகியின் சித்தப்பா. வேலை பார்த்த காலமெல்லாம் எடை இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மனித மனத்தைப் பழுது பார்க்கத் தொடங்கிவிட்டார். அண்ணன் மகளுக்கு முதல் சினிமாப் பாட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. இசையமைப்பாளருக்கு மெட்டைப் பற்றிக் கவலை. ஒலிப்பதிவாளருக்கு மைக்கைப் பற்றிக் கவலை. நடுவில் பெண்ணின் மனம் அநாதையாக நிற்குமே, அதை யார் எடுத்து வளர்ப்பது? சித்தப்பா ஃப்ளாஸ்க்கோடு கிளம்பிவிட்டார்.

ஸ்டூடியோவில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் சின்ன அறையில் காதில் ஹெட்ஃபோனோடு பாடகி. இந்தப் பக்கம் மேசை முன்னால் ஒலிப்பதிவாளர், அவர் பக்கத்து நாற்காலியில் இசையமைப்பாளர், பின்னால் சோபாவில் சித்தப்பா. இங்கிருந்து பாடகியோடு பேச மேசையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் பேச்சு நேரே அவள் காதுக்குள் போகும். அந்தப் பொத்தானைச் சித்தப்பாவுக்குக் காட்டிக்கொடுத்தது யாரென்று தெரியவில்லை. யாராயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

முதல் தடவை அவள் நன்றாகவே பாடினாள். கடைசி வரியில் மட்டும் மூச்சு கொஞ்சம் போதவில்லை. "இன்னொரு தடவை எடுத்துக்கலாம்மா" என்றார் இசையமைப்பாளர். அவ்வளவில் விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். சித்தப்பா எழுந்துவந்து பொத்தானை அழுத்தினார்.

"கண்ணு, பிரமாதம். ரெண்டாவது வரியில உச்சியில ஒரு ஸ்வரம் வருதே, அதை மட்டும் நினைக்காத."

"எந்த ஸ்வரம் சித்தப்பா?"

"அதான், எல்லாருக்கும் பிசிறு தட்டுற இடம். உனக்குத் தட்டல. தட்டிருமோன்னு யோசிக்கவே கூடாது."

அடுத்த தடவை தட்டியது.

அதன் பிறகு சித்தப்பா ஓயவில்லை. பதிவு ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பயப்படாதே என்றார், அதுவரை அவள் பார்த்திராத விளக்கு கண்ணெதிரே கொள்ளிக்கட்டையாக எரியத் தொடங்கியது. இசையமைப்பாளர் முகம் பார்க்கத்தான் அப்படி, மனசு தங்கம் என்றார், அவள் அந்த முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் தவித்தாள். எச்சில் விழுங்குகிற சத்தம் மைக்கில் கேட்கும், அதனால் எச்சிலைப் பற்றி நினைக்காதே என்றார், பெண் வரிக்கு இரண்டு முறை விழுங்கினாள். விழுங்காமல் என்ன செய்வாள்?

இசையமைப்பாளர் தலையில் கை வைத்தார். "சாயங்காலத்துக்குள்ள குரல் வேணும். வரலன்னா நாளைக்கு வேற பொண்ணை வரச் சொல்லிட வேண்டியதுதான்" என்று ஒலிப்பதிவாளரின் காதோடு காதாகச் சொன்னார். சித்தப்பாவின் விரல் அதற்குள் பொத்தானில் இருந்தது.

"கண்ணு, நீ சரியாப் பாடலன்னா நாளைக்கு வேற ஆள் வராங்களாம். அதையெல்லாம் மனசுல ஏத்திக்காத."

கண்ணாடிக்கு அப்பால் பெண்ணின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"சார், நீங்க வெளியில கொஞ்சம் காத்தாட இருந்துட்டு வரலாமே" என்றார் இசையமைப்பாளர்.

"எனக்கு ஒரு சிரமமும் இல்லீங்க. இங்கேயே இருக்கேன்."

மதியச் சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. அறையில் ஒருவர் இறுகி உட்கார்ந்திருந்தாலும் பாடுகிறவளுக்கு அது தெரிந்துவிடுமாம். ஆகவே எல்லோரும் செய்ய வேண்டும். மறுத்துப் பேச யாருக்கும் தெம்பில்லை. விளக்கைக் குறைத்தார்கள். சித்தப்பா மேசையருகே ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, பொத்தானை அழுத்தி, தைலம் தடவுகிற குரலில் ஆரம்பித்தார்.

"கண்ணை மூடுங்க. கால் கட்டைவிரல் தளரட்டும். முழங்கால் உங்களோடது இல்ல. தோள் ரெண்டும் பஞ்சு. தாடை தானாத் தொங்கட்டும்..."

ஒலிப்பதிவாளர் வேறொரு படத்துக்காகப் பல இரவு கண் விழித்தவர், முழங்காலிலேயே போய்விட்டார். வயிறு நிறையச் சாப்பிட்ட இசையமைப்பாளர் தோள்வரை தாக்குப்பிடித்தார். "இப்ப நெத்தி..." என்றார் சித்தப்பா. நெற்றியை என்ன செய்வது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பாடகி கண்ணை மூடி நெற்றிக்காகக் காத்திருந்தாள். ஹெட்ஃபோனில் குறட்டை வந்தது. கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று வாய்கள் திறந்து கிடந்தன. காலையிலிருந்து முதல்முறையாக அவளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அவள் பூனைபோல வெளியே வந்தாள். தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுப்பதுபோல் சித்தப்பாவின் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டாள். வீட்டில் தானே கம்ப்யூட்டரில் பாடிப் பதிவு செய்கிறவள். எதைத் தட்ட வேண்டும் என்று தெரியும். தட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். இரண்டாவது வரி தாண்டிய பிறகுதான் அது இரண்டாவது வரி என்பதே நினைவுக்கு வந்தது.

பிறகு வந்து ஒலிப்பதிவாளரின் தோளைத் தொட்டாள். "அண்ணா, இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

பாட்டுச் சத்தத்தில் விழித்த இசையமைப்பாளர் கடைவாயைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "இதை எப்ப எடுத்தோம்?"

"இப்பத்தான் சார்" என்றார் ஒலிப்பதிவாளர், தொழில் மானம் போகாமல்.

"ம். நான் சொன்ன மாதிரியே வந்திருக்கு. நாளைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். இதுதான் குரல்."

சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "பாத்தீங்களா? நெத்தியையும் தளர்த்தியிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

"உங்களாலதான் சித்தப்பா வந்துச்சு" என்றாள் பாடகி. அவள் பொய் பேசும் பெண் அல்ல.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் டிரைவிங் டெஸ்ட்டுக்குக் கிளம்பினார். சித்தப்பா அவர் காரின் ஜன்னலில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, "பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எதுன்னு மட்டும் குழம்பிடாதீங்க" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரை இப்போது புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்கிறீர்கள். சரி. இன்று காலை உங்கள் வீட்டிலிருந்தும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரியமாகக் கிளம்பியிருப்பார். அவர் செருப்பை மாட்டும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் முகம் எப்படி இருந்தது?