ஜெராரின் ஸ்கோப்பும் என் நாலு பக்க அறிக்கையும்

பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவனிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவான். தொண்ணூறுகளின் நடுவில், மாண்ட்ரியலில், ஜெரார் என்கிற நல்ல மனிதர் இது தெரியாமல் என்னிடம் ஒன்று கேட்டார். பழி மட்டும் என் மேல். இது எந்த ஊர் நியாயம்?

விளக்குகளையும் அளவுக் கருவிகளையும் சோதிக்கும் கூடம் ஒன்றில் நான் ஆறு மாதத் தற்காலிகம். ஜெரார் அங்கே மேலாளர். நவம்பரில் அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மனைவி வசந்தாவையும் பத்து வயது மகள் மாலினியையும் கூட்டிக்கொண்டு மறுபடி வேறு ஊர். அப்படிப்பட்டவர் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் மேஜையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே அவருடைய வேட்டைத் துப்பாக்கியின் ஸ்கோப். (துப்பாக்கி இல்லை, குறி பார்க்கும் குழாய் மட்டும். இதை அன்று வீட்டில் பதினோரு தடவை சொன்னேன்.)

குழாய்க்குள் குறிக்கோடுகளின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி ஒளிர வேண்டும். பாட்டரி கிடையாது. ட்ரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவை ஊசிமுனைக் கண்ணாடிக்குள் அடைத்திருப்பார்கள். அதனால் கண்ணாடியின் உட்பூச்சு தானே ஒளிரும், வருடா வருடம் மங்கும்.

"வாங்கிப் பதினாலு வருஷம் ஆச்சு. வெளிச்சம் போன மாதிரி இருக்கு" என்றார் ஜெரார், அவருடைய பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில். "சர்வீஸுக்கு அனுப்பட்டுமா, இப்படியே வச்சுக்கட்டுமா? நாளைக்குக் காலையில் கடைக்குப் போறேன். அனுப்பினால் அடுத்த வாரம் மூஸ் வேட்டைக்கு இது கையில் இருக்காது. நீ டாக்டர், நீ சொல்லு."

மூஸ் என்பது குதிரையை விட உயரமான காட்டு மான். வருடத்தில் மற்ற ஐம்பத்தோரு வாரமும் ஜெரார் அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மூச்சு விட்டார்.

நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு வந்ததும் விளக்குகளை அணைக்கப் போனேன். புள்ளியைப் பார்க்க இருட்டு வேண்டுமே.

"வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். லைட்டை அணைப்பீங்களா?" என்றாள் வசந்தா.

"அஞ்சே நிமிஷம்."

"உங்க வேலையே தொங்கிட்டு இருக்கு. இப்போ வீட்டை இருட்டாக்கணுமா? அதுவும் ஒரு துப்பாக்கிக்கு."

"துப்பாக்கி இல்லை, குழாய்." (இது ஏழாவது.)

சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தேன். புள்ளியே தெரியவில்லை. பரவாயில்லை, கணக்கு எதற்கு இருக்கிறது? ட்ரிட்டியம் சுமார் பன்னிரண்டு வருடத்தில் பாதியாகும். பதினாலு ஆகிவிட்டதால் பாதிக்கும் கீழே. வரைபடத்தோடு நாலு பக்க அறிக்கை எழுதினேன். முடிவு: உடனே சர்வீஸ். சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் வேண்டிய அளவு இருட்டு கிடைத்தது. ஆனால் அறிக்கை முடிந்த பின் பொருளைப் பார்ப்பது படிப்புக்கே அவமானம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை படியிறங்கும்போது கீழ்வீட்டு செபஸ்தியான் எதிரே வந்தார். மன்னார்க்காரர், கார் மெக்கானிக். கையில் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"லைற்றை நூத்துப்போட்டுப் பாத்தனீங்களோ, டொக்டர்?"

"கணக்குப் போட்டேன்."

"ஓம், கணக்குச் சரியாத்தான் இருக்கும். ஒருக்கா இருட்டுக்குள்ள வச்சும் பாருங்கோவன்."

நட்டு முடுக்குகிறவர் எனக்குக் கதிரியக்கம் சொல்லித் தருகிறாரா என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். (இந்த இடத்தில் என்னை நீங்கள் திட்டலாம். நான் காத்திருக்கிறேன்.)

கடை வாசலில் நின்ற ஜெரார் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்தார். "மெர்சி, டாக்டர்" என்று ஸ்கோப்பை அனுப்பிவிட்டு, துப்பாக்கியின் வெறும் இரும்புக் குறியை நம்பிக் காட்டுக்குப் போனார். விடியற்காலை, பனிமூட்டம், ஐம்பது வயதுக் கண். எதிரே மூஸ் ஒன்று, அதன் பக்கத்தில் பட்டமரத்தின் அடிக்கட்டை ஒன்று. ஜெரார் அடிக்கட்டையைச் சுட்டார். மூஸ் ஓடக்கூட இல்லை, நடந்து போனதாம். அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

நவம்பரில் ஸ்கோப் திரும்பி வந்தது, கூடவே பிரெஞ்சில் ஒரு கடிதம். ஜெரார் அதை என் கையில் கொடுத்தார். என் பிரெஞ்சு போன்ஜூரோடு முடிந்துவிடும் என்பதால் வீட்டில் மாலினியைப் படிக்கச் சொன்னேன்.

"லைட் நல்லாதான் இருக்காம்ப்பா. இன்னும் பல வருஷம் வருமாம். விடியற்காலைக்கு இந்த மங்கல்தான் சரியாம், ஜாஸ்தியானா கண்ணு கூசி மிருகமே தெரியாதாம். அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது ஒரு தடவை இருட்டுல பார்த்திருக்கலாம்னு போட்டிருக்கு." நிமிர்ந்தாள். "யாருப்பா பார்க்கலை?"

வசந்தா ரசத்தைக் கலக்கினாள். மூன்று பேருக்கான ரசத்தை அவ்வளவு நேரம் கலக்க வேண்டியதில்லை.

என் கணக்கில் என்ன தப்பு? வெளிச்சம் பாதிக்கு மேல் போனது உண்மை. பாதி போனதை மனிதக் கண் பாதியாக உணராதது என் குற்றமா? (அது முதல் வருடப் பாடம். நானே நடத்தியிருக்கிறேன். அது வேறு விஷயம்.) வெள்ளிக்கிழமை பார்த்து யார் கொடுக்கச் சொன்னது?

ஜெரார் கையெழுத்துப் போட்டார், கருவிப் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாற்றி. "அங்கே நீ எதையும் பார்க்க வேண்டியிருக்காது" என்றார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

மாலினி இப்போது மாண்ட்ரியலிலேயே பியர்பொன்ட்ஸ் பக்கம் குடித்தனம். அக்டோபர் வந்தால் போன் செய்வாள். "அப்பா, நீங்க காப்பாத்தின மூஸுக்கு இந்நேரம் எத்தனை பேரன் பேத்தி இருக்கும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க." என் முதுகுக்குப் பின்னால் வசந்தா சிரிப்பது கேட்கும். நான் கோபமாக வைத்துவிடுவேன். ஒரு வருடம் மட்டும் போட்டுப் பார்த்தேன். நாலு பக்கம் வந்தது.