பிரசவ தேதி: போன மாசம்

நாட்டில் எந்தப் பெண்ணும் வைத்தியம் கிடைக்காமல் வருந்தக்கூடாது என்று அரசாங்கம் தீர்மானித்து வெகுநாள் ஆகிறது. தீர்மானம் நல்ல தீர்மானம்தான். ஆளுக்கொரு காப்பீட்டு அட்டையும் கொடுத்தார்கள். அட்டையில் அச்சடித்திருக்கும் பெண்மணி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். பாவம், அவள் அதை எந்த ஆஸ்பத்திரியிலும் நீட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நீட்டிப் பார்த்தவள் கத்திரி அக்கா. தையற்கடைக்காரி, வயது ஐம்பத்துநாலு. துணியிலும் சரி, பேச்சிலும் சரி, தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுவாள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெருமுனை டாக்டர் சொன்னபோதும், "அதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்றுதான் கேட்டாள். கடைக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்க ஏழெட்டுத் தடவை முயன்றதை யாரும் பார்க்கவில்லை.

"ஆரம்பம்தான், பயப்படாதீங்க. ஆனா சாதாரண பிரசவ டாக்டர் இதுல கைவைக்கக்கூடாது. இதுக்குன்னே படிச்ச சர்ஜன் ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளிப்போட அவளுக்கு ஆசையா என்ன?

முதலில் போன ஆஸ்பத்திரியில் மரியாதைக்குக் குறைவே இல்லை. "காப்பீடு தாராளமா உண்டும்மா. கட்டில், சாப்பாடு, மயக்க மருந்து எல்லாம் ஃப்ரீ."

"டாக்டர்?"

"டாக்டர் மட்டும் காப்பீட்டுல வரமாட்டார்."

"அப்ப மயக்கம் போட்டுக்கிட்டு, நல்லாத் தூங்கிட்டு எழுந்து வரணுமா?"

"அது உங்க சௌகரியம்மா."

அடுத்த இடத்தில் டாக்டரே காப்பீட்டை ஏற்றுக்கொள்வாராம். அக்காவுக்கு உயிர் வந்தது. "ஆனா புதுசா யாரையும் எடுக்கறதில்ல. ஏற்கெனவே இங்க காட்டினவங்க மட்டும்தான்" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"முதல் தடவை எப்படிம்மா காட்டறது?"

"முதல் தடவைதான் எடுக்கறதில்லன்னு சொல்றேனே!"

இதில் எந்த இடத்தில் ஓட்டை என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது இடத்தில் காப்பீடு என்ற பேச்சே ஆகாது. அவர்கள் கேட்ட தொகைக்குக் கடையையும் மெஷினையும் விற்றாலும் காணாது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் புருஷனையும் சேர்த்து விற்கலாம், வாங்குவாரில்லை. அவரோ ராத்திரி பகலாக போனில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அழுகையை அடக்கும்போதெல்லாம் இருமுவார். "இருமலுக்கு காப்பீடு உண்டான்னு கேளுங்க" என்பாள் அக்கா.

கடைசியில் காப்பீட்டு அலுவலகத்துக்கே போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரியம்மா, முன்னால் கம்ப்யூட்டர்.

"நோய் எங்க?"

"கர்ப்பப்பையில."

"அப்ப மகப்பேறு பிரிவு." தட்டினாள். "பிரசவ தேதி சொல்லுங்க."

"பிரசவம் இல்லம்மா, புற்றுநோய்."

"புற்றுநோய்ப் பிரிவுல கர்ப்பப்பை இல்லம்மா. நுரையீரல் இருக்கு, குடல் இருக்கு. வேணும்னா குடல்னு போடட்டுமா?"

"குடலை வெட்டிட்டாங்கன்னா?"

"அப்ப மகப்பேறுதான். தேதி இல்லாம அடுத்த பக்கம் திறக்காது. ஏதாவது ஒரு தேதி சொல்லுங்கம்மா, பின்னாடி நிறைய பேர் நிக்கறாங்க."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன மாசமே முடிஞ்சிருக்க வேண்டிய வேலை இது!" என்று கத்தினாள். அதிகாரியம்மா முகம் மாறாமல் போன மாதத்தைப் பதிவு செய்தாள்.

கம்ப்யூட்டர் சிவந்துபோயிற்று. வயது ஐம்பத்துநாலு, பிரசவ தேதி தாண்டிவிட்டது, இன்னும் குழந்தை பிறக்கவில்லை! 'பாதுகாப்பான தாய்மை' அறிக்கை மேலிடத்துக்குப் போகவிருக்கும் வாரத்தில் இப்படியொரு களங்கமா? சுகாதாரத் துறை இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்ததால் துணை இயக்குநர்கள் ஓடினார்கள். அக்கா கடைக்குத் திரும்பி ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருக்கையில் சைரனோடு ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா, தைரியமா இருங்க" என்றாள் நர்ஸ்.

"நாடாவாவது கோத்துட்டு வரேனே" என்றாள் அக்கா. விடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காத்திருந்தார். ஸ்கேனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இது பிரசவமே இல்லையே."

"தெரியும் டாக்டர். எனக்கு இதுக்குன்னே படிச்ச சர்ஜன் வேணும். காப்பீட்டுல யாருமே கிடைக்கல."

"நான் அதுக்குத்தான் படிச்சேன். காப்பீட்டுலதான் இருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "என்னைக் கொண்டுபோய் மகப்பேறு பிரிவுல, ஆபத்தான கேஸுக்குன்னு போட்டுட்டாங்க. புற்றுநோய்னு தேடினா என் பேரே வராது. யாரும் வராததால நான் சும்மா உட்கார்ந்திருக்கேம்மா."

கத்திரி அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். டாக்டரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையுறையைத் தேடினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. கட்டியின் எடையைக் குழந்தையின் எடை என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டார்கள். வேறு கட்டம் இல்லை. துறையிலிருந்து வீட்டுக்கு வாழ்த்து மடலும் பஞ்சு போன்ற ஒரு குழந்தைத் தொப்பியும் வந்தன. அக்கா தொப்பியைத் திருப்பிப் பார்த்து, "ஓரம் சரியா மடிக்கல" என்றாள்.

"பேர் வைக்கச் சொல்லிக் கேக்கறாங்க" என்றார் புருஷன்.

"உங்க தங்கச்சி பேரையே வைங்க."

விஷயம் பரவாமல் இருக்குமா? வயதான பெண்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள், ஜாக்கெட் துணியும் ரிப்போர்ட்டுமாக. எந்தத் தேதி சொன்னால் கம்ப்யூட்டர் சிவக்கும் என்று அக்கா சொல்லி அனுப்பினாள். ஐம்பதைத் தாண்டியவர்களிடையே தாய்மை பெருகிவருவது துறையின் சாதனை என்று இயக்குநர் பெருமையோடு அறிக்கை விட்டார். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

ஒருநாள் வரிசையில் நகர்ந்து வந்து நின்றவள் அதிகாரியம்மா. அவள் கையில் துணி இல்லை, ரிப்போர்ட் மட்டும் இருந்தது.

"எனக்கும் அதே இடத்துலதான் அக்கா" என்றாள். "எனக்கும் அதே காப்பீடுதான்."

அவளுக்கென்று அக்கா எத்தனையோ வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"பிரிவை மாத்தச் சொல்லி மேல எழுதலாமேம்மா? கம்ப்யூட்டர் உங்க கையிலதானே இருக்கு?"

"எழுதினேன் அக்கா. பிரிவு நல்லா நடக்குதே, பிறப்பெல்லாம் கூடியிருக்கே, எதுக்கு மாத்தணும்னு கேக்கறாங்க."

வாசலில் பெண்கள் ரிப்போர்ட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வரிசை தெருமுனை வரை போயிருந்தது. கத்திரி அக்கா பெருமூச்சு விட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"சரி, ஏதாவது ஒரு தேதி சொல்லுங்கம்மா" என்றாள். "பின்னாடி நிறைய பேர் நிக்கறாங்க."