துல்லியமான இருபது லிட்டர்

மனித குலத்தின் நீதி உணர்வு, சுங்கை வேயில் ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு ஞாயிறு மாலை தன் உச்சத்தைத் தொட்டது. குழாய் வறண்டு மூன்று நாளாகியிருந்தது. ஒருவழியாகத் தண்ணீர் லோரி வந்ததும், குடியிருப்போர் சங்கத் தலைவர் கார்த்திகேசு கையை உயர்த்தினார்.

"யாரும் வாளியைக் கிட்ட கொண்டு வராதீங்க."

காரணம் நியாயமானது. போன தடவை ஆளுக்கொரு வாளி என்று கொடுத்ததில், பெயின்ட் வாளிக்காரருக்கும் சின்ன வாளிக்காரருக்கும் கைகலப்பு.

"இந்தத் தடவை மெட்ரிக். வீட்டுக்கு இருபது லிட்டர். ஒரு மில்லி கூடாது, குறையாது."

மூன்றாம் மாடி பெர்னிஸ் இடுப்பில் குழந்தையும் கையில் காலிப் பால் போத்தலுமாக முன்னே வந்தாள். "பிள்ளைக்குப் பால் கலக்கணும் அங்கிள். கொஞ்சம் தண்ணி முதல்ல குடுங்க."

'கொஞ்சம்' என்ற அலகு கார்த்திகேசுவைப் புண்படுத்தியது. ஆனால் போத்தலில் அச்சடித்திருந்த கோடுகளைக் கண்டதும் முகம் மலர்ந்தார். பொதுநலன் கருதி அதைத் 'தற்காலிகமாகக் கையகப்படுத்தினார்'.

"போத்தல் இருநூத்தி நாப்பது மில்லி. வீட்டுக்கு எம்பத்தி மூணு போத்தல், அதுக்கு மேல எம்பது மில்லி. ரொம்ப ஈசிலா."

நீதி தன் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எனவே முதல் வாளி அவருடையது. ஒவ்வொரு முறையும் போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தண்ணீரின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து ஊற்றினார். ஐம்பதை நெருங்கும்போது குழந்தை வீறிட்டது, எண்ணிக்கை தவறியது. பெருந்தன்மையோடு வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"பாஸ், வாளியிலயே பிடிங்கலா," என்றார் லோரி ஓட்டுநர் குகன். "நான் அடுத்து ரவாங் ஊருக்கு வேற தண்ணி கொண்டு போகணும்."

"அவசரப்பட்டா அளவு பிசகிடும் தம்பி."

தலைவரின் வாளி நிறைந்தபோது இருட்டிவிட்டது. குகன் தலையில் அடித்துக்கொண்டு லோரியைக் கிளப்பிப் போய்விட்டார். வரிசை நெடுகக் காலி வாளிகள். கார்த்திகேசுவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. வரிசையில் நின்ற ஒருவருக்காவது இன்னொருவரைவிட ஒரு மில்லி கூடுதலாகக் கிடைத்ததா? இல்லை. கைகலப்பும் இல்லை.

அந்த மனநிறைவோடு வீட்டுக்குப் போய் அவர் ஆசைதீரக் குளித்து முடித்தபோது, யாரோ கதவைத் தட்டினார்கள். தலையைத் துவட்டாமலே திறந்தார். பெர்னிஸ். இடுப்பில் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"போத்தலைக் குடுங்க அங்கிள்."

"இந்தாம்மா. ரெண்டு தடவை நல்லா கழுவி வச்சிருக்கேன்."

பெர்னிஸ் மூடியைத் திறந்து, சொட்டிக்கொண்டிருந்த அவர் முடிக்குக் கீழே போத்தலைப் பிடித்தாள்.

"தலையைக் கொஞ்சம் சாய்ங்க அங்கிள். அறுபது மில்லியாவது தேறுதான்னு பாப்போம்."