முப்பத்திரண்டு பாட்டும் ஓர் அறிவித்தலும்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
20.03.2025

அன்பு மகள் நிசாந்தினிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் இரண்டு மாடும் ஓட்டோவும் சுகம். இருமல் ஓட்டோவுக்கு மட்டும்தான். நீயும் மருமகன் கிருசாந்தனும் கனடாக் குளிரில் காதை மூடி, காலை மூடி, ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன் இருக்கிற காலத்தில் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் நீ வீடியோவைப் போடச் சொல்லுவாய். என் முகம் உன் அம்மாவின் காலத்திலிருந்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிப் பழகினது. கடிதத்துக்கு முகம் இல்லை.

விசயம் இதுதான். என் அக்கா, உன் நாகேஸ்வரி மாமி, உனக்குப் போன் எடுத்து, ஐம்பத்தெட்டு வயதில் உன் அப்பனுக்குக் கலியாண ஆசை வந்துவிட்டது என்று சொன்னதாக அறிந்தேன். அது முழுப் பொய். எனக்கும் மில் நடத்துகிற சிவலட்சுமிக்கும் இடையில் மிளகாய்த்தூளைத் தவிர வேறொன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீயே தீர்ப்புச் சொல்லு.

முதலில் மிளகாய்த்தூள். ஆறு மாதமாக நீ கேட்காமலே உனக்குப் பார்சல் பார்சலாகத் தூள் வந்ததல்லவா, அது பாசத்தினால் என்று நினைத்திருந்தால் அப்படியே நினைத்துக்கொள், ஆனால் உண்மையில் வீட்டில் வைக்க இடமில்லை. சந்தியடியில்தான் அந்த மில். பொதியில் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பாய். சிவலட்சுமி வீரையா ஐயாவின் மகள், எழுபத்தேழு கலவரத்தில் மாத்தளையிலிருந்து எல்லாம் இழந்து வந்த குடும்பம், புருசன் செத்துப் பன்னிரண்டு வருசம். நான் கிழமைக்கு ஒரு கிலோ செத்தல் மிளகாய் கொண்டுபோய் அரைத்துக்கொண்டு வருவேன். தனி ஆளுக்கு இவ்வளவு தூள் எதற்கு என்று அவா ஒருநாளும் கேட்டதில்லை. ஒரேயொரு தடவை, "ஏண்ணே, வயிறு ஒண்ணும் செய்யலையா?" என்று கேட்டா. வயிறு ஒன்றும் செய்யவில்லை, அந்த "அண்ணே"தான் ஒரு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்க விடவில்லை. அதைத் தவிர எங்களுக்குள் வேறு கதை கிடையாது.

இப்படியிருக்க, மாசி அறுவடை முடிந்த கையோடு எங்கள் கமக்காரர் அமைப்பு திருகோணமலைக்கு ஒரு வான் பிடித்தது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, பின்னேரம் திரும்பி வாறது. பாட்டுப் போடும் பொறுப்பு எனக்கு, ஊரில் செத்தவீட்டு அறிவித்தலுக்கென்று ஸ்பீக்கர் வைத்திருப்பவன் நான்தானே. சிவலட்சுமியும் தகப்பனும் பெயர் கொடுத்திருக்கினம் என்று கேள்விப்பட்டதும் ஒரு பென் ட்ரைவை வாங்கிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தவன் மூன்று கிழமை எழும்பவில்லை. வாயால் சொல்ல முடியாததைப் பாட்டால் சொல்லலாம் என்பது திட்டம். சொல்ல ஒன்றும் இல்லை, இது ஒரு கதைக்குச் சொல்லுகிறேன்.

கோயிலுக்குப் போகும்போது பக்திப் பாட்டு, திரும்பும்போதுதான் சினிமாப் பாட்டு. இது எங்கள் வான்களின் சட்டம், மீறினால் மாமி நடுவழியில் இறக்கி விடுவா. ஆகவே என் காதல் பாட்டுகள், அதாவது பொதுவான காதல் பாட்டுகள், எல்லாம் திரும்பும் வழிக்குரியவை. அதிலே பார், காதல் பாட்டு என்றால் பெண்ணுக்குப் பதினெட்டு வயது என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் நூற்றி ஒன்பது. அவ்வளவையும் தூக்கினேன். மழையை வா வா என்று கூப்பிடுகிற பாட்டுகளைத் தூக்கினேன், வானில் வாறது முழுக்கக் கமக்காரர், அரைவாசிப் பேரின் நெல்லு அந்த நேரம் றோட்டில் காய்ந்துகொண்டிருக்கும், எனக்கு அடி விழும். நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்கிற பாட்டுகளையும் தூக்கினேன், என் தொழிலை நினைத்து. அவாவுக்கு எது பிடிக்கும் என்று அறிய மில்லுக்குப் போனால், இயந்திரச் சத்தத்தில் அவா முணுமுணுப்பது கேட்காது, உதடு அசைவது மட்டும் தெரியும். அதைப் பார்த்துப் பாட்டைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு கிலோ அரைத்தேன். அவா பாடவில்லை, தகப்பனை ஏசிக்கொண்டிருந்தா என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் முப்பத்திரண்டு பாட்டு மிஞ்சியது.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ரேடியோவில், அடுத்த பாடல் இன்னாருக்காக என்று சொல்லுவார்களே, அதுபோல ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஒருவருக்கும் போட்டுக் காட்டுவதற்கு அல்ல, எனக்கு மட்டும். மைக்கைப் பிடித்தேன். பிள்ளை, பதினொரு வருசமாக ஓட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு இந்த ஊரின் மரண அறிவித்தல் அவ்வளவையும் சொல்லித் திரிந்த வாய் இது. மைக்கைக் கண்டால் அதற்கு ஒரு பாதைதான் தெரியும். பதிந்ததைப் போட்டுக் கேட்டேன், பாதியில் நிற்பாட்டினேன். அழித்திருக்க வேண்டும். ஆனால் அவாவின் பெயரை நான் முழுதாகச் சொன்ன ஒரே இடம் அது, மனம் வரவில்லை. பென் ட்ரைவிலேயே ஒரு மூலையில் போட்டு, அதற்கு "வேண்டாம்" என்று பெயரும் வைத்துவிட்டேன். வானில் பாட்டுப் போடுகிற பெட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதை யோசிக்கவில்லை.

போகும் வழியில் ஒரு பிழையும் இல்லை. முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல நின்று தேங்காய் உடைத்தோம், கச்சான் கடலை வாங்கினோம். கோயில் கும்பிட்டு, வெந்நீரில் குளித்து, வான் திரும்ப, சினிமாப் பாட்டு நேரம் தொடங்கியது. பின்னுக்கு இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று என் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை மூன்றாம் சீட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். மூன்றாம் சீட்டில் யார் இருப்பினம் என்று எனக்கு எப்படித் தெரியும். சீட்டுப் பட்டியல் எழுதியது நான்தான் என்பது வேறு விசயம். முதல் பாட்டு, கண்ணைப் பற்றியது. முன்கண்ணாடியில் பார்க்கிறேன், சிவலட்சுமி யன்னலால் வெளியே பார்த்துக் கச்சான் சாப்பிடுறா. இரண்டாம் பாட்டு, கச்சான். மூன்றாம் பாட்டு, கச்சான். ஹொரவப்பொத்தானை தாண்டி நாலாம் பாட்டு வரவேண்டிய இடத்தில் ஒரு கனைப்புக் கேட்டது. எனக்குத் தெரிந்த கனைப்பு.

"மாத்தளையைப் பிறப்பிடமாகவும், உருத்திரபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட வீரையா சிவலட்சுமி அவர்கள். அன்னார் வீரையாவின் பாசமிகு மகளும்..."

அதற்குள் சாரதி ரூபன் பெட்டியை நிற்பாட்டி, வானையும் ஒரு மரத்தடியில் நிற்பாட்டினான். நல்ல பழக்கமுள்ளவன், அறிவித்தல் கேட்டால் மரியாதைக்கு நிற்பான். முன்னுக்கு இருந்த இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். மாமி பழக்கதோசத்தில் தலையில் கை வைத்து ஒப்பாரியைத் தொடங்கிக்கொண்டு திரும்பினால், செத்தவ அவாவுக்குக் கச்சான் நீட்டுறா. மாமிக்கு அழுகையை நிற்பாட்டவும் தெரியேல்லை, கச்சானை வேண்டாம் என்று சொல்லவும் தெரியேல்லை, இரண்டையும் ஒன்றாகச் செய்தா. காது மந்தமான வீரையா ஐயா யார் செத்தது என்று கேட்டார். உங்கட மகள் ஐயா என்று ரூபன் பணிவாகச் சொன்னான். அவர் திரும்பி மகளை வடிவாகப் பார்த்துவிட்டு, "காலையில கூட என்னைய ஏசுனாளே" என்றார். எனக்குச் சீட்டுக்குக் கீழே போய்ப் படுக்கலாம் போல இருந்தது, அங்கே என் ஸ்பீக்கர்.

சிவலட்சுமி கோதைத் தட்டிவிட்டு, "என்னைய எத்தன மணிக்கு எடுக்குறாங்க? மில்லுல ரெண்டு மூட்டை மல்லி கெடக்கு" என்று கேட்டா. பிறகு ரூபன் பக்கம் திரும்பினா. "ரூபன் தம்பி, மிச்சத்தையும் போடுங்க. எப்படிச் செத்தேன்னு எனக்கும் தெரியணுமில்ல."

ரூபன் போட்டான். சந்தியடி மில்லின் உரிமையாளருமான அன்னாருக்காக, அன்புடன் மயில்வாகனம் வழங்கும் பாடல் என்று என் குரல் சொல்லி, இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று முடித்தது. பிறகு பாட்டு. அந்தப் பாட்டு ஐந்து நிமிசம் என்று பென் ட்ரைவ் சொல்லும், நான் நம்பமாட்டேன், ஒரு போகம் முழுக்க ஓடினது. சிவலட்சுமி கச்சானைத் தொடாமல் கடைசிவரை கேட்டா.

வவுனியாவில் தேத்தண்ணிக்கு இறங்கின இடத்தில் மன்னிப்புக் கேட்கப் போனேன். பாட்டு நல்ல பாட்டுத்தான், குரலைத்தான் திருத்த வேணும் என்றா. பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஊருல செத்த எல்லாருக்கும் நீங்கதான் சொன்னீங்க. ஒங்க வீட்டம்மாவுக்கு மட்டும் வேற ஆளு வந்து சொன்னாரு. அன்னைக்குத்தான் நான் ஒங்கள மொதல்ல கவனிச்சேன்" என்றா. இந்தமுறை அண்ணே என்று சொல்லவில்லை. என் தேத்தண்ணி ஆறிப்போனது.

மிச்ச வழியெல்லாம் மாமி, நாங்கள் யார், சிவலட்சுமி ஆக்கள் யார் என்று என் காதுக்குள் ஓதிக்கொண்டு வந்தா. குடியேற்றத் திட்டத்தில் காணி தருகிறார்கள் என்று எங்கட அப்பு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கோடாலியோடு வந்தார், அவை மாத்தளையிலிருந்து ஒரு மூட்டையோடு வந்தவை, இரண்டு பேரையும் கடித்தது ஒரே நுளம்புதானே அக்கா என்றேன். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் எடுத்திருக்கிறா.

ஆகவே மகளே, ஒன்றும் இல்லை என்பது இப்போது உனக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் அம்மா இருந்த வீடு, உன் மனதில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் சொல்லு, நாளைக்கே செத்தலை உரலில் போட்டு இடிக்கப் பழகுகிறேன். சந்திப் பக்கமே போகமாட்டேன். உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உனக்கும் மருமகனுக்கும் பிள்ளையார் துணை. குளிருக்குள் வெறுங்காலோடு திரியாதே. மாடுகளும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னதுகள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
க. மயில்வாகனம்

பி.கு: தபாலில் போட முதல் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதைச் சிவலட்சுமியிடம் கொடுத்தேன். அவா சிரித்த சிரிப்பில் அடுப்பில் வறுபட்ட மல்லி கருகிப்போனது. மூன்றாவது பார்சல் கிடைத்ததுமே நீ பொதியில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்து, அப்பா ஏன் இவ்வளவு தூள் அனுப்புறார் என்று கேட்டாயாம். எங்கட அப்பாவுக்கு வாய் வராது, கொஞ்சம் பொறுத்திருங்கோ என்றும் சொன்னாயாம். மூன்று மாதமாக நீங்கள் இரண்டு பேரும் கிழமைக்கு ஒருக்கால் கதைக்கிறீர்களாம், வைகாசியில் நாள் பார்த்து நீ டிக்கெட்டும் போட்டாயிற்றாம். எனவே மேலே எழுதிய எதையும் வாசிக்கத் தேவையில்லை. கலியாண அறிவித்தல் என் ஓட்டோவில்தான் போகும், ஆனால் மைக்கை அவா தரமாட்டாவாம். நான் சொன்னால் ஊர்ச்சனம் மாலையும் கையுமாக வந்து, எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று கேட்குமாம்.