மாப்பிள்ளை திருப்பி அனுப்பிய ஃபைல்

மேற்குத் தாம்பரம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஜனாப் அக்தர் அவர்கள் சமூகத்திற்கு, கரீம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் மெஹர் பானுவும் தங்கள் வருங்கால மருமகள் இரமும் சுகம். பள்ளிக்கரணையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சதுப்பு நிலத்துக் கொசு கொஞ்சம் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் பதிவுத் தபால் அனுப்புகிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் தாங்கள் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவீர்கள். இதில் அப்படி முடியாது, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை என்று எழுத வந்த கை நின்றுவிட்டது, ஆகையால் தங்கள் குமாரர் பர்வேஸ் என்றே எழுதுகிறேன். அவர் காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர் வேலையில் இருக்கிறார், மத்திய சர்க்கார் உத்தியோகம் என்று தாங்கள் சொன்னபோது என் பைப் கடை இருக்கும் மார்க்கெட் முழுக்க நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்கு அந்த ஆபீஸில் ஒரு காரியமும் கிடையாது. பிறகுதான் என் 'மெஹர் லாக்'குக்கு பேட்டண்ட் கேட்டு விண்ணப்பம் போட்டேன். அது என்ன என்று தங்களுக்கு மறந்திருக்காது, இருந்தாலும் சொல்கிறேன்: பழைய இரும்புப் பைப்பையும் புதுப் பிளாஸ்டிக் பைப்பையும் மரை வெட்டாமல், பசை தடவாமல், சொருகிக் கால் சுற்றுத் திருப்பினால் கவ்விக்கொள்ளும் இணைப்பான், உள்ளே உதடு வைத்த ரப்பர் வளையம், அதன் பின்னால் பல் வைத்த எஃகு வளையம், தண்ணீர் அழுத்தம் ஏற ஏறப் பிடி இறுகும். சிங்கப்பெருமாள் கோவிலில் லேத் வைத்திருக்கும் மெர்வினிடம் எத்தனை தடவை கடைந்து எத்தனை தடவை தூக்கிப் போட்டிருப்பேன் என்பது அவருக்கும் எனக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். என் மனைவி பெயரை அதற்கு வைத்ததற்கு அவளிடம் நன்றி எதிர்பார்த்தேன். "ஒழுகுச்சுன்னா ஊரு பூரா என் பேருதானே நாறும்" என்றாள்.

நாவலூரில் ஆபீஸ் வைத்திருக்கும் பேட்டண்ட் ஏஜெண்ட் பத்ரிநாராயணன்தான் விண்ணப்பத்தை எழுதினார். பெண்கள் பெயரும் சேர்ந்திருந்தால் வரிசையில் முன்னால் போகலாம் என்று அவர் சொன்னதால் மெஹர் பானுவையும் சேர்த்துக்கொண்டேன், ரேஷன் கடையில் செய்வதுபோல. ஃபைல் நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, இத்தனை ஆய்வாளர்கள் இருக்கும் ஆபீஸில் யார் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? தங்கள் குமாரர் மேஜைக்கு! இது தானாக நடந்தது, நான் யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கவில்லை. ஆண்டவனாகப் பார்த்து அனுப்பிய ஃபைலை அவர் என்ன செய்தார்? 'விண்ணப்பதாரர் எனக்கு வேண்டப்பட்டவர், வேறு ஒருவருக்குக் கொடுங்கள்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். இரம் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். வேண்டப்பட்டவன் என்றால் திருப்பி அனுப்புவார்களா? தட்டில் வந்த பிரியாணியை, சமைத்தவர் என் சொந்தக்காரர் என்று சொல்லி யாராவது தள்ளி வைப்பார்களா சம்பந்தி?

தள்ளியதன் பலன், முகம் தெரியாத வேறு ஒருவர் கையில் போய் ஆய்வறிக்கை என்ற பெயரில் ஆட்சேபணை வந்திருக்கிறது. புதுமை இல்லையாம். ஜெர்மனியில் ஒருவர் என் அத்தா காலத்திலேயே இப்படி ஒன்று செய்துவிட்டாராம், ஜப்பானில் இன்னொருவர் வளையத்துக்குப் பல் வைத்துவிட்டாராம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 'துறையில் தேர்ந்த ஒரு நபருக்கு' என் கண்டுபிடிப்பு தானாகவே தோன்றிவிடுமாம். நான் ஜெர்மனிக்குப் போனதில்லை, ஜப்பான்காரர் என் கடைக்கு வந்ததில்லை. சரி, அந்தத் தேர்ந்த நபர் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை வைத்தேன். எங்கள் பக்கத்தில் பிளம்பர் என்றால் முனிரத்தினம்தான். சேலையூரிலிருந்து முடிச்சூர் வரை பாதி வீட்டுக்கு அவர்தான் பைப் போட்டார், மீதிப் பாதிக்கு நாளை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரைக் கடையில் உட்காரவைத்து மெஹர் லாக்கைத் துண்டு துண்டாகக் கழற்றி முன்னால் வைத்து, சேர்த்துக் காட்டுங்கள் என்றேன். அவர் பல் வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாய் இது, பல்லு வச்சிகினு கீது, எலி புடிக்கறதா?" என்றார். ரப்பர் வளையத்தைக் கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு டீ குடித்தார். பிறகு எல்லாவற்றையும் தலைகீழாகச் சேர்த்து, "பேஜாரு புட்ச்ச வேலை பாய், நாலு சுத்து டேப்பு சுத்தி வுட்டா முடிஞ்சிது" என்று எழுந்து போய்விட்டார். இதைவிடச் சாட்சி வேண்டுமா? அப்படி ஒரு தேர்ந்த நபர் உண்மையிலேயே இருந்தால் அவரை உடனே என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், குளியலறைக் குழாய் ரொம்ப நாளாகச் சொட்டுகிறது.

அதோடு விட்டார்களா? 'திரவம் அல்லது வாயு' என்று இரண்டையும் எழுதியிருக்கிறீர்களே, எது என்று தெளிவில்லை என்று ஒரு கேள்வி. கேட்டவர் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இங்கே குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு காற்றும் துருவும் சேர்ந்து வரும், அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீர் வரும். மூன்றையும் தாங்குகிற இணைப்பானை நான் வேறு எப்படி எழுதுவது? அடுத்து, தெரிந்த பொருள்களையே அங்கங்கே வைத்து அடுக்கியதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாதாம். நல்லது. அந்தக் கணக்கில் நானும் தங்கள் குமாரரை ஆய்வு செய்கிறேன். மூக்கு தங்களுடையது, அதை ஊரே அறியும். உயரம் சம்பந்தியம்மா வீட்டுச் சொத்து. பேச்சு, அதாவது பேசாமல் இருப்பது, தங்கள் பெரிய அண்ணனிடமிருந்து வந்தது. எல்லாம் முன்பே தெரிந்த பாகங்கள்தானே? ஆனாலும் பெண் கேட்டு வந்தபோது நான் ஜெர்மனியில் இதே மாதிரி மாப்பிள்ளை இருக்கிறாரா என்று தேடினேனா? சேர்ந்து வந்த விதம் நன்றாக இருக்கிறது என்றுதானே சம்மதித்தேன்!

பத்ரிநாராயணனிடம் போனேன். பழைய மகாபலிபுரம் ரோட்டில் வெயிலில் வெந்து போய்ச் சேர்ந்தால் அவர் ஏசியில் உட்கார்ந்துகொண்டு, "சார், நாம ரொம்ப அகலமா உரிமை கேட்டிருக்கோம். கொஞ்சம் குறுக்கிக் கேட்டா குடுத்துடுவாங்க" என்கிறார். "ரோட்டை அகலப்படுத்தறேன்னு என் கடை முன்பக்கத்தை இடிச்சப்பவே நான் குறுகல சார், மிச்சம் இருந்த சந்துல உக்காந்து வியாபாரம் பண்ணேன். இப்ப எதுக்குக் குறுகணும்?" என்று கேட்டுவிட்டு, அவர் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் வந்தேன். பிறகு வழியெல்லாம் அந்தக் காபி ஞாபகமாகவே இருந்தது, அது வேறு விஷயம்.

வந்த சூட்டோடு தங்கள் குமாரருக்கு போன் போட்டேன். ஏன் தம்பி ஃபைலைத் திருப்பினீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். மெஹர் பானு நான் கத்தியதாகச் சொல்வாள், நம்ப வேண்டாம். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மாமா, இதப் பத்தி நான் பேசக் கூடாது. ஒண்ணு மட்டும் சொல்றேன், அது என்கிட்ட இருந்திருந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்." எனக்குக் கஷ்டமாம்! மாமனார் ஆகப் போகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? வீட்டில் சொன்னால் தாயும் மகளும் ஒரு கட்சி. "அத்தா, அவரு ரூல்படிதானே செஞ்சிருக்காரு" என்கிறாள் இரம். பி.எட். முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது, பாடம் எடுக்க நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நான் பணிய மாட்டேன் சம்பந்தி. என்னிடம் ஜெர்மனிக்காரரிடமும் ஜப்பான்காரரிடமும் இல்லாத சாட்சி ஒன்று இருக்கிறது, அது தாங்கள்தான். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் சமையலறையில் சிங்க் அடிப் பைப் கழன்று தண்ணீர் பீய்ச்சியடித்ததே, நினைவிருக்கிறதா? வந்த பெண்கள் எல்லோரும் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் கடையிலிருந்து மெஹர் லாக்கைக் கொண்டுவந்து சொருகித் திருப்பி நிறுத்தினேன். சம்பந்தியம்மா என்ன சொன்னார்கள்? "இந்த மாதிரி ஒண்ண நான் பார்த்ததே இல்லை." இதற்குப் பெயர் புதுமை இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர்? நான் அங்கேயே இன்னொன்றைப் பிரித்து, உள்ளே எது எப்படி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் விளக்கினேன். தங்கள் குமாரர்தான் போனில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். ஒழுங்காக அடிக்கவில்லை, 'தம்பி, வெளிச்சம் இங்க' என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தாங்கள் முழுவதையும் வீடியோ எடுத்து, அன்றைக்கே தங்கள் யூடியூப் சேனலில் போட்டீர்கள். அந்த வீடியோவைத்தான் நான் ஆதாரமாகக் கொடுக்கப் போகிறேன். தாங்கள் அதன் நல்ல பிரதியை அனுப்ப வேண்டும். தங்கள் குமாரர் விசாரணைக்கு வந்து, ஆமாம், இதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை கல்யாணப் பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போகாது. மண்டபத்துக்காரரிடமும் பேசிவிடுவேன். கரீம் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் சலாம். சின்னவர்களுக்கு என் துஆ. கோபத்தில் எழுதியதில் மரியாதைக் குறைவு ஏதும் இருந்தால் அது மெஹர் லாக்குக்காக எழுதியது, தங்களைக் குறித்து இல்லை. எல்லோருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளையும் நிற்காத தண்ணீரையும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, ஆனாலும் அசையாத,
கரீம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி இரமிடம் கொடுத்தேன். வீடியோ பற்றி எழுதிய இடத்துக்கு வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "அத்தா, அவங்க நம்ம வீட்டுக்கு வந்தது ரமலானுக்கு முன்னாடி. நீங்க விண்ணப்பம் போட்டது பக்ரீதுக்கு அப்புறம். போடறதுக்கு முன்னாடியே நீங்களே ஊருக்குப் பிரிச்சுக் காட்டி, அது நெட்லயும் வந்துட்டா, அப்புறம் அது புதுசுன்னு எப்படிக் கேக்கறது?" என்றாள். எனக்குப் புரியவில்லை. பத்ரிநாராயணனுக்கு போன் போட்டேன், அவர் "ஐயையோ சார், எந்த வீடியோ?" என்றார். புரிந்துவிட்டது. ஜெர்மனியும் இல்லை, ஜப்பானும் இல்லை சம்பந்தி. தவளை தன் வாயால் கெட்ட கதை. மாப்பிள்ளை ஏன் அப்படிச் சொன்னார் என்றும் இரம் சொன்னாள்: "வேண்டப்பட்டவங்க ஃபைலை வச்சுக்கக் கூடாதுங்கறது ரூல். மீறி வச்சிருந்தா, அன்னிக்குக் கண்ணால பாத்ததையும் அவரு எழுதியிருக்கணும். எழுதினா உங்களுக்குப் போச்சு, மறைச்சா அவருக்குப் போச்சு." அந்தப் பிள்ளையைப் போய் நான் என்னவெல்லாம் பேசிவிட்டேன்! வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதக் கை வலிக்கிறது, ஆகையால் தாங்கள் இந்தக் கடிதத்தைப் பின்குறிப்பிலிருந்து மட்டும் படிக்கவும்.

வீடியோவை உடனே அழித்துவிடுங்கள் என்று எழுதத்தான் போனேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்ப்போம் என்று மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். அதில் சிங்க் அடியில் ஒரே இருட்டு. நான் விளக்கம் சொல்லும் இடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. நடுநடுவே 'தம்பி, வெளிச்சம் இங்க' என்று கத்துவது மட்டும்தான் கேட்கிறது. வெளிச்சம் ஏன் இங்கே இல்லை என்றால், அது முழுக்க முழுக்கச் சமையலறை வாசலில், தட்டோடு நிற்கும் என் மகள் முகத்தில் இருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பை இத்தனை வருஷத்தில் நான் கண்டதில்லை சம்பந்தி. மெஹர் பானு இன்னொரு தரம் போடச் சொன்னாள்.

ஆகவே வீடியோவை அழிக்க வேண்டாம். நான் விசாரணைக்குப் போவேன். முன்னாலேயே வீட்டில் காட்டினேன் என்று நானே வாயால் சொல்வேன், வீடியோவையும் கையில் கொடுப்பேன். முடிந்தால் அதில் என் இணைப்பானைக் கண்டுபிடித்துக் காட்டட்டும். கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் பேட்டண்ட் இல்லாமலே விற்பேன், குறுக மட்டும் மாட்டேன். பத்திரிகையைப் பிரஸ்ஸில் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் என் சலாமைச் சொல்லுங்கள். குளியலறைக் குழாயை நான் வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அவரை டார்ச் பிடிக்க மட்டும் கூப்பிட மாட்டேன்.