ஹொல்ஸ்டெப்ரோவில் உதித்த யாழ்ப்பாணச் சூரியன்

அந்த மார்கழியில் ஹொல்ஸ்டெப்ரோ அகதிகள் விடுதியில் சமையலறையைவிட மகேந்திரராசா சாத்திரியாரின் அறை வாசலில்தான் கூட்டம். ஊரில் அவர் என்ன தொழில் பார்த்தார் என்று எவருக்கும் தெரியாது. டென்மார்க்கில் இறங்கியதும் சாத்திரியாராகிவிட்டார்! கையில் யாழ்ப்பாணப் பஞ்சாங்கம். யாருக்கு விசா, யாருக்குத் திரும்பும் விமானம், எல்லாம் அதில் இருக்கிறதாம். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் மரியரட்ணமும் வரிசையில் நின்றார். பயத்துக்குச் சமயம் ஏது?

“விஞ்ஞானியள் பிரபஞ்சம் வெடிச்சுப் பிறந்ததெண்டினம். வயசு ஆயிரம் கோடி வருசமெண்டு ஒருத்தன், இரண்டாயிரம் கோடியெண்டு இன்னொருத்தன். நாளைக்கு எல்லாத்தையும் மாத்துவினம். என்ரை பஞ்சாங்கம் மாறாது” என்பார் சாத்திரியார். கூட்டம் தலையாட்டும்.

ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த ஞானேஸ்வரி இதைக் கேட்டுச் சிரித்தாள். திங்கட்கிழமை காலை அந்தச் சிரிப்பு நின்றது. எட்டரைக்குப் பொலிஸ் விசாரணை. போகாவிட்டால் அகதி விண்ணப்பம் அந்தரத்தில். கணவர் குணசேகரமோ கட்டிலை விட்டு எழும்பவில்லை.

“ஏழரையிலிருந்து ஒன்பது மட்டும் இராகு காலம். வெளிக்கிட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்களாம்.”

பரிகாரத்துக்கென்று அவளுடைய வளையலையும் சாத்திரியாரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கணவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போனாள். கதவடியில் வழக்கமான கூட்டம். உள்ளே தடித்த திரை, மெழுகுதிரி, ஊதுவத்திப் புகை.

“ஐயா, இராகு காலம் எப்பிடிக் கணிக்கிறது?”

“சூரியன் உதிச்சதிலையிருந்து பகலை எட்டாப் பிரிக்கவேணும். திங்களுக்கு இரண்டாம் பங்கு.”

“இப்ப சூரியன் உதிச்சிட்டுதோ?”

சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். “உதிச்சு ஒண்டரை மணித்தியாலம்.”

ஞானேஸ்வரி திரையை இழுத்துத் திறந்தாள். வெளியே கும்மிருட்டு. தெருவிளக்கின் கீழே டெனிஷ்காரர் விளக்குப் போட்டபடி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“முகிலாக்கும்” என்றார் சாத்திரியார்.

“நட்சத்திரம் தெரியுது ஐயா. விடியாத பகலுக்கு இரண்டாம் பங்கு எங்கையிருந்து வந்தது?”

மரியரட்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். “போன கிழமை என்ரை விசாரணைக்கும் போகவேண்டாமெண்டு மறிச்சனீர். இனி எனக்கு ஆர் பதில் சொல்லுறது?”

சாத்திரியார் பஞ்சாங்கத்தை மூடினார். ஞானேஸ்வரியின் வளையல் மேசைக்கு வந்தது.

“அப்ப இஞ்சத்தைச் சூரியனுக்கு இராகு காலம் எத்தினை மணிக்கு?” என்று கேட்டார் குணசேகரம்.

“சப்பாத்தைப் போடுங்கோ” என்றாள் ஞானேஸ்வரி.

வழியில் மறுபடி சந்தேகம் வந்தது அவருக்கு. “அந்த வெடிப்புக் கதையும் ஒருநாள் மாறுமோ?”

“சிலது மாறலாம். பிரபஞ்சம் விரியுது எண்டதை அளந்து வைச்சிருக்கினம். வயசு சரியாத் தெரியாதெண்டு அவையளே சொல்லினம். திரும்ப அளந்து பிழையெண்டால் திருத்துவினம்.”

பிரபஞ்சக் கணக்கையே திருத்த ஆயத்தமாக இருக்கிறார்கள் அவர்கள். நாமோ மூளையைத் திறக்கவே நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!