அளந்தபின் எதிர்வுகூறுபவர்

விரல்கள் விசைப்பலகையில் ஒரு முறையை அழித்து இன்னொன்றை எழுதுகின்றன. கணினி பதினெட்டு மணித்தியாலம் இரைந்து ஓர் எண்ணைத் தருகிறது. "சரிவராது" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். விரல்கள் மறுபடியும் அழிக்கின்றன.

விரல்கள் பாவம், அவை மாணவி ஆதிபாவுடையவை. வாசகரே, நான் அறிமுகப்படுத்த வந்தது அந்தக் குரலை. அளந்தபின் எதிர்வுகூறும் இனம் அது. அதற்கு நம்மூர் உதாரணம், பேராசிரியர் மெல்ரோய். ஞாயிறுகளில் மாணவர்களைத் தன் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வரவழைத்து விஞ்ஞானம் வளர்ப்பவர்.

கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதே, அது உள்ளிருக்கும் பீங்கான் துண்டின் வேலை. அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான். அதில் ஈயம் கலப்பார்கள், ஈயம் நஞ்சு. ஈயமில்லாத பீங்கான் எவ்வளவு மின்சாரம் தருமென்று, அதைச் சுடாமலே கணினியில் கணக்கிட்டுச் சொல்வது ஆதிபாவின் ஆய்வு. அணுக்களை அப்படியே கணக்கிட முடியாது. ஏதாவதோர் அண்ணளவு முறை வேண்டும். முறையை முதலில் தெரிவுசெய்வது விஞ்ஞானம். எண்ணை முதலில் தெரிவுசெய்வது மெல்ரோய்.

"எவ்வளவு வந்திச்சு மகள்?"

"தொண்ணூற்றிரண்டு, சேர்."

"வெளிநாட்டுக்காரன் இதே பீங்கான நூற்றறுபது எண்டு அளந்து வச்சிருக்கான். நாங்க யாரு அவனுக்கு மேல? முறைய மாத்துங்க."

மாற்றினாள். ஏழாவது முறையில் நூற்றைம்பத்தெட்டு வந்தது. மெல்ரோய் வடை வரவழைத்தார். ஆய்வேட்டில் "எதிர்வுகூறினோம்" என்று எழுதச் சொன்னார்.

"மத்த ஆறையும் போடட்டா சேர்?"

"கல்யாணத்துக்குப் போறவ, உடுத்திப் பார்த்த சாரி எல்லாத்தையும் தூக்கிட்டா போவா?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்மொழிப் பரீட்சையில் "ஏன் இந்த ஏழாவது முறை?" என்று கேட்டால், வடை தின்றவரா வந்து பதில் சொல்வார்? பட்டம் போனால் அது அவளுடைய நான்கு வருடம்.

அடுத்த மாதம் அந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள்: அளந்த கருவியில் பிழை, சரியான எண் தொண்ணூற்றைந்து. இந்த இனம் வெட்கப்படும் என்று எதிர்பார்க்கிறீர்களா?

"முதல் முறைதான் சரியெண்டு நான் அப்பவே சொல்லல்லையா மகள்? அந்த ஏழாவத வெட்டி எறியுங்க."

அவள் வெட்டவில்லை. மாளிகாவத்தையில் தன் வீட்டு மேசையிலிருந்து ஏழு எண்களையும், எந்த முறை, எந்த வரிசையில், எதற்காக மாற்றப்பட்டது என்பதையும் ஒரே அட்டவணையில் எழுதி, ஆய்வேட்டில் சேர்த்து, பைண்ட் பண்ணிக் கொண்டுவந்தாள்.

"எல்லாத்தையும் போட்டிருக்கேன் சேர். பரீட்சையில நிக்கப்போறது நான்."

மெல்ரோய் அட்டவணையை நீண்ட நேரம் பார்த்தார். முகம் சுருங்கியது, பிறகு மலர்ந்தது.

"ஆ! ஒப்பீட்டு ஆய்வு! இதத்தானே நான் முதல்லயிருந்து சொல்லிட்டு வாறன்?"

கையெழுத்திட்டார். அவள் அந்த மையின் ஈரம் காயுமுன்பே அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: போன கிழமை வீட்டில் பிரஷர் பார்த்தீர்களே, முதல் தடவை கூடிவிட்டது என்று கையை மாற்றி, தண்ணீர் குடித்து, நான்கு தடவை? டொக்டரிடம் நீட்டிய கடதாசித் துண்டில் எந்த எண்ணை எழுதினீர்கள்?